படம் மட்டும் ஏன் கருப்பாகிறது?

கேள்வி: லேப்டாப்பை டிவியில் மாட்டினால் டெஸ்க்டாப் தெரிகிறது, ஓடிடி படம் போட்டால் மட்டும் திரை கருப்பு, சத்தம் வருகிறது. கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்த பிறகுதான் இப்படி. டிவியை மாற்ற வேண்டுமா?
– வாசகி, மாட்டுங்கா, மும்பை

பதில்: வேண்டாம், புது டிவி பார்க்க லேமிங்டன் ரோடு கிளம்பிவிடாதீர்கள். படத்தை யாரும் நகலெடுக்காமல் தடுக்க ஹெச்டிசிபி (HDCP) என்று ஒரு பூட்டு உண்டு. படம் ஓடும் முன் லேப்டாப்பின் கிராபிக்ஸ் டிரைவரும் (திரைக்குப் படத்தை அனுப்ப உதவும் மென்பொருள்) டிவியும் கேபிள் வழியாகச் சாவியைச் சரிபார்த்துக்கொள்ளும், நடுவில் ஸ்பிளிட்டரோ (ஒரு இணைப்பைப் பல திரைகளுக்குப் பிரிக்கும் பெட்டி) பழைய அடாப்டரோ இருந்தால் அதுவும் சேர்த்துத்தான், ஒன்று தேறாவிட்டாலும் படம் வராது. 4கே படத்துக்குப் பெரும்பாலும் ஹெச்டிசிபி 2.2 பதிப்பு வேண்டும். முதலில் ஹெச்டிஎம்ஐ கேபிளை நேராக மாட்டி, லேப்டாப், டிவி இரண்டையும் அணைத்துப் போடுங்கள். அப்படியும் கருப்புதானா? சரி, விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் கிராபிக்ஸ் டிரைவருக்கு ‘ரோல் பேக் டிரைவர்’ கொடுங்கள், பழைய டிரைவருக்கே திரும்பிவிடும். அந்தப் பட்டன் மங்கலாகக் கிடந்தால், லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து முந்தைய டிரைவரை இறக்கிப் போடுங்கள்.