பட்டியலில் இல்லாத பெனிசிலின்

கேள்வி: தொண்டை வலிக்குக் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுத்ததில் ‘ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸ்’ என்று வந்திருக்கிறது. எரித்ரோமைசினுக்கு ‘ஆர்’, அதாவது அந்த மருந்து வேலை செய்யாது. கிளிண்டாமைசினுக்கு வட்டம் பெரிதாக விழுந்தும் ‘ஆர்’ போட்டிருக்கிறார்கள். பெனிசிலினைச் சோதிக்கவே இல்லை, ஆனால் டாக்டர் அதைத்தான் எழுதியிருக்கிறார். லேபில் ஏதாவது தவறா?

பதில்: தவறு இல்லை, லேப் கவனமாகவே பார்த்திருக்கிறது.

பெனிசிலினை எதிர்த்து நிற்கும் பயோஜீன்ஸ் கிருமி இதுவரை எந்த நோயாளியிடமும் உறுதியாகக் கண்டறியப்படவில்லை, இத்தனை வருடம் அந்த மருந்தைக் கொடுத்தும்! அதனால் வழக்கமாக அதைச் சோதிப்பதில்லை.

கிளிண்டாமைசின் விஷயம்தான் சுவாரசியம். 5% ஆட்டு ரத்தம் கலந்த அகார் (கிருமி வளர்க்கும் கூழ்) தட்டில் கிருமியைச் சீராகத் தடவி, அதன்மேல் மருந்து ஏற்றிய சின்னக் காகித வில்லைகளை வைத்து, 35 டிகிரியில், கொஞ்சம் கார்பன் டை ஆக்ஸைடு சேர்த்த காற்றில் 20 முதல் 24 மணி நேரம் விடுவார்கள். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் வட்டமாக வெறிச்சென்று இருக்கும், அதை மில்லிமீட்டரில் அளப்பார்கள். எரித்ரோமைசின் வில்லையையும் கிளிண்டாமைசின் வில்லையையும் 12 மி.மீ. இடைவெளியில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால், சில கிருமிகளில் கிளிண்டாமைசின் வட்டம் எரித்ரோமைசினைப் பார்த்த பக்கம் மட்டும் தட்டையாகி, ஆங்கில ‘டி’ எழுத்து மாதிரி ஆகிவிடும். எரித்ரோமைசின் பட்டதும் கிருமிக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஒரு ஜீன் விழித்துக்கொண்டு, புரதம் தயாரிக்கும் ரைபோசோமை லேசாக மாற்றிவிடுகிறது. அப்புறம் இரண்டு மருந்துமே அங்கே ஒட்டாது. உங்கள் ரிப்போர்ட்டில் நடந்தது பெரும்பாலும் இதுதான். வட்டத்தின் அளவை மட்டும் பார்த்து ‘எஸ்’ (மருந்து வேலை செய்யும்) என்று போட்டிருந்தால்தான் தவறு.

இன்னொன்று, ஒரு மருந்தின் வட்டத்தை இன்னொன்றின் வட்டத்தோடு ஒப்பிடாதீர்கள். ஒவ்வொரு மருந்தும் அகாரில் பரவும் வேகம் வேறு, அளவுகோலும் வேறு, அதனால் பெரிய வட்டம் என்றால் நல்ல மருந்து என்று அர்த்தமில்லை.

பெனிசிலின் அலர்ஜி இருந்தால் இன்றே டாக்டரிடம் சொல்லுங்கள், ஏனென்றால் உங்களுக்கு மாற்று வழிகள் இரண்டு அடைபட்டிருக்கின்றன. வீட்டில் மிச்சமிருக்கும் அசித்ரோமைசினையும் எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம், எரித்ரோமைசினுக்கு ‘ஆர்’ என்றால் அதற்கும் ‘ஆர்’தான்.