தறி ஓட்டுபவர்களின் காதுகளைச் சோதிக்கும் பள்ளித் திட்டத்துக்கு இத்தனை அனுமதி எதற்கு?

கேள்வி: என் மகள் பல்லடம் பக்கம் ஒன்பதாவது படிக்கிறாள். விசைத்தறி ஓட்டுபவர்களுக்குக் காது மந்தமாகிறதா என்று போன் ஆப், ஹெட்போன் வைத்துப் பார்த்து, அறிவியல் போட்டிக்கு அனுப்ப ஆசைப்படுகிறாள். விதிகளைப் பார்த்தால் ஒப்புதல் குழு, மருத்துவர், கையெழுத்து என்று நீள்கிறது. ஊசியா போடப் போகிறோம்?

பதில்:

நானும் ஒரு காலத்தில் இதையேதான் கேட்டேன், ‘ஊசியா போடப் போகிறோம்’ என்று.

சோமனூர் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சராக இருந்தேன். என் மாணவிகள் இரண்டு பேர் இதே திட்டத்தைச் செய்தார்கள். சாயங்காலம் ஷிப்ட் முடிகிற நேரமாகப் பார்த்து ஒரு தறிக்குடோனுக்குப் போனோம். ஓனர் நல்ல மனிதர். “எல்லாரும் வந்து டீச்சர்கிட்டக் காதைக் காட்டுங்கப்பா” என்று ஒரு குரல் கொடுத்தார். அரை மணி நேரத்தில் பதினைந்து பேர் வரிசையில் வந்து உட்கார்ந்து எழுந்துவிட்டார்கள். ஒருவர்கூட மறுக்கவில்லை. எங்களுக்கு ஒரே சந்தோஷம்.

யாருக்கு எவ்வளவு காது கேட்கிறது என்று பிள்ளைகள் பெரிய சார்ட்டில் ஆளுக்கொரு பட்டை வரைந்து, கீழே பெயரும் எழுதினார்கள். பள்ளிக் கண்காட்சிக்கு ஓனரும் வந்து, நின்று நிதானமாக அதைப் படித்தார். எல்லாவற்றிலும் குட்டையான பட்டை, இருபது வருஷத்துக்கு மேல் தறி ஓட்டிய ஒருவருடையது. அடுத்த வாரம் அவரைத் தறியிலிருந்து எடுத்து, சிறு குழலில் நூல் ஏற்றும் ‘தார் சுற்றும்’ வேலைக்குப் போட்டுவிட்டார்கள். கூலி குறைவு. “நாடா தெறிச்சாக்கூடக் காதுல விழாது போல” என்று காரணமும் சொன்னார்களாம். (நாடா என்பது தறியில் நூலோடு குறுக்கே ஓடும் கட்டை.)

ரேஷன் கடையில் அவருடைய மனைவியைப் பார்த்தேன். ‘அவர் அன்றைக்கே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே’ என்று அசட்டுத்தனமாகக் கேட்டுவைத்தேன். அந்தம்மா கோபப்படவில்லை. “டீச்சர் கேட்டா மாட்டேன்னு சொல்ல முடியுங்களா? பையன் உங்ககிட்டத்தானுங்க படிக்கிறான்” என்றார்.

ஓனரை வைத்து ஆள் சேர்த்தது தப்பு என்று அதற்குள் எனக்கே உறைத்திருந்தது. நானே இன்னொரு ஓனராக அங்கே நின்றிருக்கிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது.

இதில் இன்னொரு கூத்து, அந்த அளவே சரியில்லை. பேரிரைச்சலில் மணிக்கணக்காக நின்றவர்களுக்குக் காது தற்காலிகமாக மந்தமாகும். சில மணி நேரமோ ஓரிரு நாளோ ஓய்வு கிடைத்தால் பெரும்பாலும் பழையபடி தெளியும். நாங்கள் ஷிப்ட் முடிந்த கையோடு, பக்கத்துக் குடோன் தறிச் சத்தத்துக்கு நடுவில், சாதாரண இயர்போனை மாட்டிப் பார்த்திருக்கிறோம். அவருடைய காது உண்மையில் எப்படி இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. விதிப்படி ஒரு குழுவிடம் போயிருந்தால், அதிலிருக்கும் மருத்துவரோ நர்ஸோ முதல் கேள்வியாக இதைத்தான் கேட்டிருப்பார்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் சொல்கிற விதிகள் அமெரிக்காவில் நடக்கும் ஐசெஃப் என்ற பள்ளி மாணவர்களுக்கான சர்வதேச அறிவியல் போட்டியின் விதிகள் மாதிரி தெரிகிறது. அதன்படி பள்ளியிலேயே குறைந்தது மூன்று பேர் கொண்ட குழு வேண்டும்: ஓர் ஆசிரியர், பள்ளி நிர்வாகத்திலிருந்து ஒருவர், மருத்துவரோ நர்ஸோ மனநல நிபுணரோ ஒருவர். வழிகாட்டும் ஆசிரியரும், பெற்றோரான நீங்களும் அதில் உட்கார முடியாது. ஒப்புதல் கைக்கு வந்த பிறகுதான் முதல் ஆளைச் சோதிக்கலாம். அளந்துவிட்டு அப்புறம் கையெழுத்து வாங்குவது செல்லாது. மூன்றாவது ஆளுக்கு, உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

இந்தக் கெடுபிடிக்கெல்லாம் பின்னால் கசப்பான வரலாறு இருக்கிறது. அமெரிக்காவில் டஸ்கிகீ என்ற ஊரில் 1932 முதல் 1972 வரை, சிஃபிலிஸ் நோயிருந்த ஏழைக் கறுப்பின ஆண்களுக்கு என்ன நோய் என்றே சொல்லாமல், பென்சிலின் வந்த பிறகும் கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று வேடிக்கை பார்த்தார்கள். அதுவும் அரசாங்கமே செய்தது. அது அம்பலமான பிறகுதான் அங்கே சட்டமும், மனிதர்களை வைத்து ஆராய்வதற்கான நெறிகளைச் சொல்லும் பெல்மான்ட் அறிக்கையும் 1979-இல் வந்தன. நம் ஊரில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும், பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் அனுமதியோடு பிள்ளையின் சம்மதமும் வேண்டும் என்று இருக்கிறது. அதனால் தறியில் பதினேழு வயதுப் பையன் நின்றால், அவன் சரி என்றது மட்டும் போதாது.

அதற்கப்புறம் நான் வழிகாட்டிய திட்டங்களில் சிலவற்றை மாற்றிக்கொண்டேன். குடோனில் வைத்துக் கேட்பதில்லை. சம்மதத் தாளைப் பேச்சுத் தமிழில் எழுதி, வாசித்துக் காட்டி, வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, விருப்பமிருந்தால் மட்டும் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்று சொல்வோம். வராதவரிடம் ஏன் என்று கேட்கக் கூடாது. பெயருக்குப் பதில் எண். எந்த எண் யாருடையது என்ற தாள் பூட்டிய அலமாரியில் இருக்கும். ஓனரே ‘ஒரு நகல் கொடுங்கள்’ என்று கேட்டாலும் கிடையாது. ‘உங்களுக்குக் காது கேட்கவில்லை’ என்று மாணவி யாரிடமும் சொல்லக் கூடாது, அது மருத்துவர் வேலை. சந்தேகம் வந்தால் யாரிடம் அனுப்புவது என்று முன்கூட்டியே பேசிவைத்திருக்க வேண்டும்.

இதெல்லாம் மலைப்பாக இருந்தால், மனிதர்களை விட்டுவிட்டுச் சத்தத்தை மட்டும் அளக்கலாம். எட்டுத் தறி ஓடும்போது எவ்வளவு, பதினாறு ஓடும்போது எவ்வளவு, சுவரில் சாக்குத் தொங்கவிட்டால் குறைகிறதா என்று. எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல்தான் வரம்பு என்பது வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனமான நியோஷ் சொல்லும் கணக்கு; அதோடு ஒப்பிட்டால் போதும். இதற்கு ஓனர் அனுமதி போதும், மனிதர்களுக்கான குழு தேவைப்படாது. எனக்கென்னவோ, ஒன்பதாவது படிக்கிற பெண்ணுக்கு இதுவே நல்ல திட்டம்.

இல்லை, காதுதான் பார்க்க வேண்டும் என்று அவள் பிடிவாதமாக இருந்தால், ஞாயிற்றுக்கிழமை காலையில், தறி ஓடாத தெருவில், மூடிய அறையில் பாருங்கள். போன வருஷம் அப்படி இருபத்தி இரண்டு பேரைக் கேட்டோம். ஒன்பது பேர் வந்தார்கள்.