எத்தனை மணி நேரம் சாதகம்?

அன்புள்ள ஐயா,

வயது 24, வயலின் கற்க ஆரம்பித்துப் பதினாறு வருடம் ஆகிறது. வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகக் கச்சேரிக்கு வாசிக்கலாம் என்றிருக்கிறேன். விடுமுறை நாட்களில் ஆறு மணி நேரம் சாதகம் (பயிற்சி) செய்கிறேன். இது போதுமா? இத்தனை வருடப் பக்கவாத்திய வாழ்க்கையில் நீங்கள் கற்றுக்கொண்டது என்ன?

கே.

அன்புள்ள கே.,

ஆறு மணி நேரம் தாராளம். ஆனால் தொழில் என்று வந்துவிட்டால் உங்கள் மிகச் சிறந்த வாசிப்பை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தூக்கம் கெட்ட, சுமாரான ஒரு நாளில் எந்த அளவுக்குக் கீழே போகாமல் வாசிக்கிறீர்கள் என்பதை வைத்துத்தான் மறுபடி கூப்பிடுவார்கள். இது எனக்குப் புரியவே பத்து வருடம் ஆனது.

ஒரு கச்சேரியில் பாடகர் ஆலாபனையைத் தொடங்கினார். ராகத்தின் மேல் பாதியைக் கேட்டதும் வாசஸ்பதி என்று நானே முடிவு செய்துகொண்டு, பின்தொடரும்போது சதுச்ருதி ரிஷபத்தை ('ரி' ஸ்வரத்தின் நடு வகை) அழுத்தமாகப் பிடித்துவிட்டேன். அவர் பாடியதோ நாஸிகாபூஷணி. இரண்டுக்கும் வித்தியாசம் அந்த ஒரு ரிஷபம்தான், இதில் அது ஷட்ச்ருதி, அதாவது 'ரி'யின் மேல் வகை, அடுத்த ஸ்வரமான காந்தாரத்தை ஒட்டிக்கொண்டு நிற்கும். மேளகர்த்தா என்னும் தாய் ராகங்கள் 72இல் 40 இப்படி ஒட்டி நிற்கும் ஸ்வரங்கள் உள்ள விவாதி மேளங்கள், அவற்றை நான் 'அப்புறம் பார்க்கலாம்' என்று ஒதுக்கி வைத்திருந்தேன். பாடகர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அதே பிடியை (ராகத்தின் சிறு துணுக்கை) இன்னொரு முறை, கொஞ்சம் நிதானமாகப் பாடினார், அவ்வளவுதான். எனக்குக் காது சுட்டது. என் முறை வந்தபோது அவர் பாடிய நாலைந்து பிடிகளை மட்டும் சுத்தமாக வாசித்து இரண்டே நிமிடத்தில் முடித்துக்கொண்டேன். கச்சேரி முடிந்ததும் மிருதங்கக்காரர், 'தெரியாத எடத்துல நீட்டாம விட்டியே, அது நல்லா இருந்தது' என்றார். பாராட்டா குத்தலா என்று இன்றுவரை தெரியவில்லை, ஆனால் மறுநாளே விவாதி மேளங்களை எடுத்து உட்கார்ந்தேன்.

சாதகத்தில் யாரும் சேர்க்காத இன்னொன்று சுருதி மாற்றம். பாடகருக்கு ஏற்ப இன்று ஐந்து கட்டை, நாளை ஒரு கட்டை (சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு) என்று வரும். தந்தியை இறக்கினால் உடனே நிலைக்காது, நகர்ந்துகொண்டே இருக்கும், விரல்களுக்கும் தந்தியின் தளர்வு பழக வேண்டும். வீட்டில் எப்போதும் ஒரே சுருதியில் வாசிப்பவர் மேடையில் முதல் உருப்படியான வர்ணம் முழுக்கத் தடவிக்கொண்டிருப்பார். (நான்தான்.)

உடம்பைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. தோள்பட்டை வலியோடு வாசித்துப் பழகினால் வலியும் பாணியில் சேர்ந்துவிடும். காது அதைவிட மோசம், போனால் வராது. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம், 3 டெசிபல் கூடினால் அந்த நேரம் பாதியாகும் என்பது காதுப் பாதுகாப்பில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. மானிட்டர் ஸ்பீக்கரைத் தலைக்கு நேரே வைத்தால் தள்ளி வைக்கச் சொல்லுங்கள், திமிர் பிடித்தவன் என்பார்கள், பரவாயில்லை.

சரி, வேலையை விடலாமா? அதை நான் எப்படிச் சொல்ல? ஒன்று செய்யுங்கள். அலுவலகத்திலிருந்து சோர்ந்து வந்த ஒரு ராத்திரி, பழக்கமில்லாத சுருதியில், நன்றாகத் தெரிந்த ராகம் ஒன்றை ஒரு மணி நேரம் நிறுத்தாமல் வாசித்து ரெக்கார்ட் செய்து, ஒரு வாரம் கழித்துக் கேளுங்கள். எனக்கும் அனுப்பலாம். நன்றாக வந்ததாகப் பார்த்து அனுப்ப வேண்டாம்.