அசனமும் தூக்குவாளியும்

அன்புள்ள போதகர் ஐயரவர்களுக்கு, ஸ்தோத்திரம்.

தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதியில் சேர்க்கக் கேட்கும் மனு ஒன்றில் கையெழுத்துப் போடச் சொல்லி எங்கள் சபையில் அறிவித்தார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. கிறிஸ்துவுக்குள் யூதனும் இல்லை, கிரேக்கனும் இல்லை என்று பிரசங்கம் செய்துவிட்டு, டெல்லிக்கு ‘எங்களுக்குள்ளும் சாதி இருக்கிறது’ என்று எழுதிக் கொடுத்தால் அது விசுவாசத்தை மறுதலிப்பது ஆகாதா? மற்றவர்கள் சிரிக்க மாட்டார்களா? சமூக நீதியை அரசியல்வாதிகள் பார்த்துக்கொள்ளட்டும், சபை ஆத்துமாக்களைப் பார்க்கட்டும் என்பது என் எண்ணம். நீங்கள் கையெழுத்துப் போடுவீர்களா?

தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு, ஸ்தோத்திரம். (வயதை நீங்கள் சொல்லவில்லை. கடிதத்தின் வேகத்தைப் பார்த்துத் தம்பி என்கிறேன்.)

சிரிக்கத்தான் செய்வார்கள். சிரிக்கும்படி நாம் நடந்திருக்கிறோம்.

சட்ட விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 1950-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆக முடியாது என்றது. 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் அதில் சேர்த்துக்கொண்டார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியேதான். தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் ஞானஸ்நானம் பெற்றால் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுகிறார்.

இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனவர் சூசை. சென்னை மவுண்ட் ரோட்டு ஓரத்தில் வெயிலில் உட்கார்ந்து செருப்புத் தைத்தவர். அப்படித் தைக்கிறவர்களுக்கு அரசு இலவசமாக பங்க் கடை கொடுத்தது. அதே வேலை செய்த இந்து ஆதிதிராவிடர்களுக்குக் கடை கிடைத்தது. கிறிஸ்தவர் என்பதால் சூசைக்கு இல்லை. 1985-இல் அவருடைய மனு தள்ளுபடியானது. மதம் மாறிய பிறகும் அதே அளவு இழிவும் கஷ்டமும் கிறிஸ்தவ சமூகத்துக்குள் தொடர்கிறது என்று காட்டப் போதிய ஆதாரம் இல்லை என்றது நீதிமன்றம்.

இந்த ஆதாரம் யாரிடம் இருக்கிறது, யோசித்துப் பாருங்கள். எந்தக் கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்த மூலை, எந்தக் கமிட்டியில் எந்தத் தெருக்காரர் ஒருநாளும் செயலராக வந்ததில்லை, வரன் பேசும்போது வேதவசனத்துக்கு முன்னால் எந்தக் கேள்வி வருகிறது, எல்லாம் நமக்குத் தெரியும். நாம்தான் ‘எங்களிடம் சாதி கிடையாது’ என்று மேடைக்கு மேடை சொன்னோம். நீதிமன்றம் நம்மை நம்பிவிட்டது. பங்க் கடை போனது சூசைக்கு.

நான் புதிதாகக் குருப்பட்டம் பெற்று ஒரு கிராமச் சேகரத்துக்குப் போதகராகப் போனேன். கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை, மறுநாள் அசனம் என்கிற சபை விருந்து. கைப்பிடி அரிசி சேர்த்து, நாலு கிடா அடித்து, ராத்திரி முழுக்க அண்டாக்களில் சமையல். பந்தலில் இலை போட்டு ஜெபம் பண்ணி நான்தான் தொடங்கிவைத்தேன். மூன்றாம் பந்தி நடக்கும்போது கவனித்தேன். கிழக்குத் தெரு சபையார் ஒருவர்கூட உட்காரவில்லை. பந்தலுக்குப் பின்னால், சமையல்கட்டு ஓரத்தில் தூக்குவாளியோடு வரிசையில் நின்றார்கள். சோறும் குழம்பும் நிறையவே ஊற்றினார்கள், குறை சொல்ல முடியாது. வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். உட்காரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. யாரும் உட்காரவும் இல்லை.

கமிட்டிப் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். “அவங்களுக்கு அதுதான் வசதி ஐயரே, பிள்ளைகளோட வீட்ல வச்சுச் சாப்பிடுவாங்க” என்றார். நானும் சரி என்று விட்டுவிட்டேன். அடுத்த வருஷம் எனக்கு விஷயம் நன்றாகத் தெரியும். அப்போதும் விட்டேன். கோயில் கூரை வேலை பாதியில் நின்றது, பணம் கொடுக்கிறவர்கள் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் வருஷம் எனக்கு மாற்றல்.

இதே ஆட்கள் எல்லோருக்கும் நான் ஒரே பாத்திரத்திலிருந்து திருவிருந்து (இராப்போஜனம்) கொடுத்திருக்கிறேன். அதனால்தான் ஆத்துமா சபைக்கு, நீதி அரசியலுக்கு என்ற உங்கள் பாகப்பிரிவினை எனக்குப் புரியவில்லை. நீங்கள் எடுத்துக்காட்டிய வசனம் கலாத்தியருக்குப் பவுல் எழுதியது. அதே பவுல் கொரிந்து சபைக்கு எழுதியதையும் வாசியுங்கள். வசதியுள்ளவன் முந்திச் சாப்பிடுகிறான், ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான். நீங்கள் கூடிச் சாப்பிடுவது கர்த்தருடைய இராப்போஜனமே அல்ல என்கிறார். சரீரம் இன்னதென்று நிதானித்து அறியாமல் சாப்பிடுகிறவன் தனக்கு ஆக்கினையைச் சாப்பிடுகிறான் என்பதும் அங்கேதான் வருகிறது. அந்த வசனத்தைத் தனி மனிதனின் மறைவான பாவத்துக்கு மட்டும் வைத்து நான் எத்தனையோ முறை பிரசங்கம் செய்திருக்கிறேன். அது பந்தியைப் பற்றியது.

நம் ஊருக்கு இது புதிதும் இல்லை. திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளம் கோயிலுக்குள் சாதிக்கு ஒரு பக்கமாகச் சுவர் இருந்தது. 1910-இல் அதை இடித்தபோது, சுவர் வேண்டும் என்றவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். அது கத்தோலிக்கர் கதை என்று நாம் தப்பவும் முடியாது. 1833-இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன், சாதி வேறுபாட்டை உடனே, அடியோடு விட வேண்டும் என்று நம் சபைகளுக்கு நிருபம் அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் ஏராளமானோர் சாதியை விடவில்லை, சபையை விட்டார்கள்.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பாடம் நடத்திய தியாபிலஸ் அப்பாவு ஐயரை, ‘பரட்டை’ என்றால் இன்னும் பலருக்குத் தெரியும். நாட்டுப்புற மெட்டில் ஆராதனை முறையே எழுதியவர். அவர் விடாமல் பேசிய ஒன்று ‘ஓர் உலை’: ஒரே பானையில் பொங்கி, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது. அவர் பேச்சைக் கேட்டபோதெல்லாம் எனக்கு அந்த அசனம்தான் ஞாபகம் வரும். உலை அங்கேயும் ஒன்றுதான்.

மறுதலிப்பு என்றீர்கள். ஞாயிறுதோறும் ஆராதனையில் பாவ அறிக்கை செய்கிறோமே, செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டோம் என்று பன்மையில். அதை யாரும் மறுதலிப்பு என்று சொல்வதில்லை. அதையே டெல்லிக்கு எழுதினால் மட்டும் ஏன் மானம் போகிறது?

கையெழுத்துப் போடுவதும் விடுவதும் உங்கள் இஷ்டம். 2022-இல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இதை ஆராய மத்திய அரசு ஆணையம் அமைத்த பிறகு நான் ஒரு மனுவில் போட்டேன். கூடவே ஒரு தனித் தாளில் அந்தத் தூக்குவாளி வரிசையை எழுதி வைத்தேன். சேகரத்தின் பெயர், ஆண்டு, பண்டிகை நாள் எல்லாம் எழுதினேன். ஆராதனை நடத்திய குருவானவர் யார் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன்.