ஆணி இல்லாத கூரையும் அடியில் விளைந்த வெடியுப்பும்

கேள்வி: ஜப்பானின் ஷிரகவா-கோ மலைக்கிராமத்தில் ஓர் ஆணிகூட அடிக்காமல், கும்பிட்ட கைகளின் வடிவில் வீடு கட்டியிருக்கிறார்களாமே! புத்த பக்திக்கும் எளிய வாழ்வுக்கும் இதைவிட வேறு சான்று வேண்டுமா?
– வாசகர், கரூர்

பதில்: கும்பிடுவது போலத் தெரிவது பார்க்கிறவர் கண்ணுக்கு. கட்டியவர்கள் போட்ட கணக்கில் இருந்தவை பனியும் பட்டுப்புழுவும்.

ஜப்பானில் கடலோரமே இல்லாத மாகாணங்கள் எட்டு. அவற்றில் ஒன்று கிஃபு. அதன் வடமேற்கு மூலையில், ஷோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது இந்த ஊர். நெல்லுக்கு நிலம் குறைவு. குதிரைவாலி போன்ற சிறுதானியங்களே உணவு. காசுக்குப் பட்டு. அதனால்தான் 60 பாகை அளவுக்குச் செங்குத்தான புல் கூரை: பனியும் வழுக்கி இறங்கும், உள்ளே இரண்டு மூன்று பரண் தட்டுகளும் கிடைக்கும். புழு வளர்த்தது அங்கேதான். முகப்புச் சுவரின் சன்னல்கள் அதற்கு வெளிச்சமும் காற்றும் தந்தன. ஓகிமாச்சி பகுதியில் முகப்புகள் பெரும்பாலும் வடக்கு தெற்காகப் பார்ப்பதிலும் காரணம் உண்டு. கூரையின் இரு சரிவுகளும் கிழக்கிலும் மேற்கிலும் அமைவதால் வெயில் இரண்டுக்கும் கிட்டும். ஒரு சரிவு வடக்கே பார்த்தால் அது காயாமல் பாசி பிடித்து முதலில் மக்கும்.

'ஆணி இல்லை' என்பது கூரைக்குப் பொருந்தும். கீழ்த்தளம் தச்சர் வேலை. கூரையைக் கட்டியது ஊரார். கைமரத்தின் அடிமுனையைக் கூராக்கி உத்திரத்துக் குழியில் நிறுத்துவார்கள்; ஆணி அடிப்பதில்லை. மேலே உள்ள மரங்களை வைக்கோல் புரியாலும் 'நெசோ' என்ற இளங்கிளையாலும் கட்டுவார்கள். கிளையைப் பச்சையாகவே நசுக்கி முறுக்கிச் சுற்றினால் காயக் காய இறுகும். பனிப்பாரத்திலும் காற்றிலும் கட்டு சற்றே நெகிழ்ந்து கொடுக்கும். இறுக்கி அறைந்த ஆணியாக இருந்தால் மரம் பிளந்துவிடும்.

இனி 'எளிய வாழ்வு'. அந்த வீடுகளின் தரைக்கு அடியில், கணப்புக் குழியின் சூடு படும் இடத்தில், எடோ காலத்தில் (17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை) துப்பாக்கி மருந்துக்கான வெடியுப்பு விளைவித்தார்கள். குழி வெட்டி, மண், பட்டுப்புழுவின் எச்சம், மாசிபத்திரி இனச் செடி, குதிரைவாலித் தாள் எல்லாவற்றையும் அடுக்கடுக்காகப் போட்டு மூடுவார்கள். அவ்வப்போது கிளறிவிட்டு நான்கைந்து ஆண்டுகள் பொறுத்தபின் அந்த மண்ணில் நீர் ஊற்றி வடித்து, சாம்பல் சேர்த்துக் காய்ச்சி ஆறவிட்டால் படிகம் இறங்கும். சாம்பலை விட்டுவிட்டால் ஈரம் உறிஞ்சும் சுண்ணாம்பு உப்புதான் மிஞ்சும். துப்பாக்கி மருந்துக்கு உதவாது. ஆற்றின் கீழ்ப்போக்கில் உள்ள கோகயாமாவில் செய்த உப்பு காகா சிற்றரசுக்குப் போனது. பக்தியும் இருந்தது, மறுக்கவில்லை; கூடவே இந்தத் தொழிலும் இருந்தது. மேஜி காலத்தில் (1868–1912) மலிவான சிலி நாட்டு உப்பு வந்திறங்கியதும் இது படுத்துவிட்டது.

தெற்கே நகாகிரி ஊர்களில் நிலத்தைக் கூறுபோட முடியாது என்பதற்காக மூத்த மகன் மட்டுமே முறைப்படி மணம் முடித்தான். மற்றவர்கள் பிறந்த வீட்டிலேயே தங்கி உழைத்தார்கள். படத்தில் அழகாகத் தெரியும் பெரிய வீட்டுக்கு இப்படியும் ஒரு விலை இருந்தது.

1961இல் மிபோரோ அணை முடிந்தபோது அந்தப் பள்ளத்தாக்கின் பல குடியிருப்புகள் நீருக்குள் போயின. மிச்சத்தைக் காக்க ஓகிமாச்சிக்காரர்கள் 1971இல் சங்கம் அமைத்து விதித்துக்கொண்டவை மூன்று: விற்காதே, வாடகைக்கு விடாதே, இடிக்காதே. யுனெஸ்கோ பட்டியல் வந்தது 1995இல்தான்.

கூரையை 30, 40 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். முன்பு 'யுயி' என்ற முறையில் ஊரே திரண்டு ஒரு சரிவை ஒரே நாளில் வேய்ந்தது; ஆனால் புல் அறுத்து உலர்த்திச் சேர்ப்பது அதற்கு வெகு முன்பே தொடங்கும் வேலை. இப்போது பெரும்பாலும் கூலிக்கு ஆள் வைத்து, அரசு மானியத்தில் நடக்கிறது. கணப்பு எரியாத வீடுகளில் புல் சீக்கிரம் கெடுகிறது. புகைதான் ஈரத்தை ஓட்டிப் பூச்சியை விரட்டியது. ஆனால் கணப்பு எரிந்தால் தீப்பொறி பயம். அதனால் ஊரெங்கும் கூரை உயரத்துக்கு நீர் பீய்ச்சும் குழாய்களைப் பதித்து, இலையுதிர் காலத்தில் ஆண்டுதோறும் எல்லாவற்றையும் ஒருசேரத் திறந்து சோதிக்கிறார்கள்.