43 வயதில், நீச்சலை இப்போதுதான் கற்கும் ஒரு பெண்ணால் முழு தூர ட்ரையத்லானை 17 மணி நேரத்துக்குள் முடிக்க முடியுமா?

முடியும். பதினேழு மணி நேரம் என்பது இந்தப் போட்டியை முடிக்கத் தரும் மொத்த வரம்பு. 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம் ஆகிய மூன்றையும் மலேசியாவின் லங்காவித் தீவில் ஒரே நாளில் முடித்தவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். உங்களைப் போலவே நானும் நாற்பதைத் தாண்டிய பிறகுதான் தண்ணீரில் இறங்கினேன். எனக்கும் இரண்டு பிள்ளைகள், காலை ஒன்பதரைக்கு நாற்காலியில் இருந்தாக வேண்டிய வேலை. 'இந்த வயதில் இது எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள்' என்று கேள்விக்குக் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரி இல்லாவிட்டால் இதைப் படித்துவிட்டுக் கடந்து போயிருப்பேன்.

நான் வெற்றியாளர் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் முடித்தபோது பதினாறு மணி நேரம் கடந்திருந்தது; முன்னால் வந்தவர்கள் அதற்குள் குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டிருப்பார்கள். 'கடைசியில் வந்தவரெல்லாம் அறிவுரை சொல்வதா' என்று பின்னூட்டம் எழுதப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கேட்டிருப்பவர் வெல்வதைப் பற்றிக் கேட்கவில்லை, முடிப்பதைப் பற்றிக் கேட்டிருக்கிறார். ஒன்பது மணி நேரத்தில் முடிப்பவருக்கு இரவு பதினொரு மணி ஓட்டம் எப்படி இருக்கும் என்பது தெரியாது, எனக்குத் தெரியும். நான் மருத்துவரும் அல்ல. ரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ இருந்தால் என்னைக் கேட்காமல் மருத்துவரைக் கேளுங்கள்.

வயதைப் பற்றிய சந்தேகத்தை விரைவில் முடித்துவிடலாம். இந்தப் போட்டி 1978-இல் ஹவாயின் ஓவாஹு தீவில் 15 பேருடன் தொடங்கியது. முடித்த 12 பேரும் ஆண்கள். மறு ஆண்டே லின் லெமேர் என்ற பெண் 13 மணி நேரத்துக்குள் முடித்து, ஆண்களையும் சேர்த்து ஐந்தாவதாக வந்தார். மடோனா புடர் என்ற அமெரிக்கக் கன்னியாஸ்திரி ஓடத் தொடங்கியதே 48 வயதில்தான். 2012-இல் கனடாவில் நடந்த முழு தூரப் போட்டியை 82 வயதில் முடித்தார். இதை என் மாமியாரிடம் சொன்னபோது, "அவங்களுக்கு என்ன, குடும்பமா குட்டியா?" என்றார். ஆகவே புள்ளிவிவரங்களை வீட்டில் பயன்படுத்த வேண்டாம் என்பது என் யோசனை.

உங்கள் உண்மையான தடை வயது அல்ல, நீச்சல். அதிலும் பாதித் தடை தண்ணீரில் இல்லை. நான் முதலில் சேர்ந்த குளத்தில் (பெயர் வேண்டாம்) பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்ட நேரம் காலை பத்து முதல் பதினொன்று வரை. வேலைக்குப் போகும் பெண் யாரும் நீந்த வர மாட்டாள் என்று எவர் முடிவு செய்தாரோ தெரியாது. விடியற்காலையிலிருந்து எட்டு மணி வரையிலான நல்ல நேரம் முழுவதும் 'ஜென்ட்ஸ் பேட்ச்'. மாலை முழுவதும் சிறுவர்களுக்கான பயிற்சி. கேட்டால், "உங்க பாதுகாப்புக்குத்தான் மேடம்" என்ற பதில் வரும். விடுப்பு எடுத்துக்கொண்டு போன நாட்களிலும், "லேடீஸ் எல்லாம் ஆழமில்லாத பக்கம் குறுக்கே நீந்துங்க, நீளவாக்கில் வேண்டாம்" என்று பயிற்சியாளர் விசில் ஊதுவார். நடுவில் நின்று பேசிக்கொண்டிருக்கும் பத்துப் பேரைச் சுற்றிக்கொண்டு நீளப் பயிற்சி செய்ய யாராலும் முடியாது. இந்த ஊரில் பெண்கள் ஏன் நீந்துவதில்லை என்று மேடை போட்டுக் கவலைப்படுகிறவர்கள், ஒரு முறை குளத்தின் நேர அட்டவணையைப் படித்துவிட்டு வந்து கவலைப்படலாம். இறுதியில், எல்லோரும் சேர்ந்து நீந்த அனுமதிக்கும் வேறொரு குளத்துக்கு ஸ்கூட்டரில் முக்கால் மணி நேரம் போய் வந்தேன். உங்கள் ஊரிலும் இதே நிலைதான் இருக்கும் என்று நினைக்கிறேன். பயிற்சியாளரைத் தேடுவதற்கு முன்னால் நேரத்தைத் தேடுங்கள்.

நீச்சலுக்குப் பொதுவாக 2 மணி 20 நிமிடம் தருகிறார்கள். கணக்குப் போட்டால் 100 மீட்டருக்கு 3 நிமிடம் 41 விநாடி வருகிறது. இது வேகமே அல்ல. சில மாதங்கள் ஒழுங்காகப் பழகிய எவரும் எட்டக்கூடியது. ஃப்ரீஸ்டைலில்தான் நீந்த வேண்டும் என்ற விதியும் கிடையாது. மூச்சு திணறினால் தவளை நீச்சலுக்கு மாறலாம்; மல்லாந்து மிதக்கலாம்; முன்னேறிப் போகாமல் இருக்கும்வரை காவல் படகைப் பிடித்துக்கொண்டு இளைப்பாறவும் விதி இடம் தருகிறது. இதை அறிந்தபோதே என் பயத்தில் பாதி போய்விட்டது. ஆனால் குளத்தில் எடுத்த நேரத்தை அப்படியே நம்பிவிடக் கூடாது. குளத்தின் அடியில் வழிகாட்டக் கறுப்புக் கோடு இருக்கிறது. கடலில் அது இல்லை. சில வீச்சுகளுக்கு ஒரு முறை கண்ணை மட்டும் அலைக்கு மேலே தூக்கி மிதவையைப் பார்த்துத் திசையைச் சரிசெய்யப் பழகாதவர், கோணலாகப் போய்ச் சில நூறு மீட்டர் கூடுதலாக நீந்துவார். இதை நான் சென்னையை அடுத்த கோவளம் கடலில், மிதவைப் பையை இடுப்பில் கட்டிக்கொண்டு, அனுபவசாலிகள் கூட்டத்தோடு பழகினேன். சொறி மீன் உரசி முன்கை தடித்துப் போய் அலுவலகத்தில் உட்கார்ந்த நாட்கள் உண்டு. தனியாக மட்டும் இறங்காதீர்கள். நம் கடற்கரையின் இழுப்பு எவருடைய மன உறுதியையும் பொருட்படுத்தாது. குளிர்ந்த கடல்களில் உடலை மிதக்க வைக்கும் வெட்சூட் அணிய விடுவார்கள். லங்காவிக் கடல் வெதுவெதுப்பானது என்பதால் அங்கே அந்த உதவியும் கிடைக்காது.

அடுத்து மொத்தக் கணக்கு. நான் சொல்ல வந்ததே இதுதான்: முடிப்பவரையும் முடிக்காதவரையும் பிரிப்பது பலம் அல்ல, பதினேழு மணி நேரத்தை மாதச் சம்பளத்தைப் போல எண்ணிச் செலவழிக்கும் பொறுமை. நீச்சலும் உடை மாற்றமும் சேர்ந்து இரண்டே கால் மணி நேரம் ஆனால், தொடங்கியதிலிருந்து பத்தரை மணி நேரத்துக்குள் சைக்கிளை இறக்கி வைக்க உங்களிடம் எட்டேகால் மணி நேரம் இருக்கிறது. அதாவது சராசரி மணிக்குக் கிட்டத்தட்ட 22 கிலோமீட்டர். பத்தேகால் மணி நேரத்தில் வந்துவிட்டால், உடையும் காலணியும் மாற்றியது போக, மாரத்தானுக்கு ஆறரை மணி நேரத்துக்கு மேல் மிஞ்சும். கிலோமீட்டருக்கு ஒன்பது நிமிடத்துக்குச் சற்று மேல் என்பது மெல்லோட்டமும் விறுவிறுப்பான நடையும் கலந்தாலே வரும் வேகம். இந்த எண்களை ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்திருந்தேன். (நேர வரம்பு போட்டிக்குப் போட்டி சற்று மாறும், பதிவு செய்யும் முன் அந்தப் போட்டியின் கையேட்டைப் படியுங்கள்.)

சைக்கிளில் 22 என்பது எளிது என்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிற்றுக்கிழமை கூட்டமாக ஓட்டுகிறவர்களுக்குத் தோன்றும். அங்கே முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக் கொடுக்க, நாம் அவர் முதுகுக்குப் பின்னால் பாதி உழைப்பில் வந்துகொண்டிருப்போம். முழு தூரப் போட்டியில் அது குற்றம். முன்னால் இருப்பவரிடமிருந்து 12 மீட்டர் இடைவெளி விட வேண்டும். அந்த எல்லைக்குள் நுழைந்தால் 25 விநாடிகளில் முந்திவிட வேண்டும். மீறினால் தண்டனைக் கூடாரத்தில் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். காதில் பாட்டுக் கேட்கவும் அனுமதி இல்லை. எனவே நீண்ட பயணங்களில் சிலவற்றையாவது தனியாக, எதிர்க்காற்றில், பேச்சுத் துணை இல்லாமல் ஓட்டிப் பாருங்கள். நான் புதிய கார்பன் சைக்கிள் எதுவும் வாங்கவில்லை. பழைய அலுமினிய ரோடு சைக்கிளில், கைகளை முன்னால் நீட்டிக் குனிந்து ஓட்ட உதவும் ஏரோபார் மட்டும் பொருத்திக்கொண்டேன். அதைவிடப் பயன் தந்தது, டியூப் மாற்றும் வேலையைக் கூடத்தில் உட்கார்ந்து திரும்பத் திரும்பச் செய்து பழகியதுதான்.

லங்காவி, கெடா மாநிலத்தைச் சேர்ந்தது. சோழர் மெய்க்கீர்த்தியில் வரும் கடாரம் என்று சொல்லப்படும் பகுதி. எங்கள் குடியிருப்பில் ஒருவர் இன்றும் என்னைக் 'கடாரம் கொண்டாள்' என்று கேலி செய்கிறார். அங்கே விடிவதே ஏழு மணிக்குத்தான். சாலை நன்றாக இருந்தது. ஆனால் சிறு சிறு ஏற்றங்கள் ஓயாமல் வந்தன, ஓரத்தில் குரங்குகள் உட்கார்ந்திருந்தன, மதியத்துக்குள் ஈரக் காற்று கெட்டியாகிவிட்டது. சென்னையின் சித்திரை வெயிலில் பழகியவளுக்கு வெயில் புதிதல்ல. வியர்வை உலராமல் உடம்பிலேயே தங்குவதுதான் அங்கே ஆளைத் தின்றது.

இந்தப் போட்டியில் நான்காவது பிரிவு ஒன்று உண்டு, அது வயிறு. மணிக்கு 60 முதல் 90 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போக வேண்டும் என்பார்கள். அதைச் சிறு உறைகளில் வரும் இனிப்பு ஜெல்லாகவும் பானமாகவும் மணிக்கணக்கில் விழுங்கிய பிறகு, அடுத்த உறையைக் கிழிக்கும்போதே குமட்டும். அதற்காக வெறும் தண்ணீராகக் குடித்துத் தள்ளினால் ரத்தத்தில் சோடியம் குறைந்து போகும். அது மயக்கத்தில் தொடங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். என் தீர்வு, காய்ந்த உப்பு நார்த்தங்காய். அம்மா போட்ட நார்த்தங்காயை விரல் நகமளவுத் துண்டுகளாக நறுக்கி, ஜிப் கவரில் போட்டு, மேலாடையின் பின்பையில் வைத்திருந்தேன். ஒரு துண்டைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டால் உப்பும் புளிப்பும் கசப்பும் ஒன்றாக இறங்கி, வாயில் படிந்த இனிப்பை அறுத்து, நாக்கில் மீண்டும் எச்சில் ஊறும். அதற்குப் பிறகு ஜெல் உள்ளே போகும். உப்பு மாத்திரையும் கூடவே எடுத்தேன். விளையாட்டு உணவியல் வல்லுநர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம். நான் வாந்தி எடுக்கவில்லை என்பதையும் அவர்கள் குறித்துக்கொள்ளட்டும். நீங்கள் எதைச் சாப்பிடுவதானாலும் பயிற்சியில் பல முறை சோதிக்காத எதையும் அன்று வாயில் போடாதீர்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால், இடையில் குடித்ததையும் சேர்த்துக் கணக்கிட்டு, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு வியர்வை போகிறது என்று தெரிந்துவிடும். அந்தக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும்.

சைக்கிளிலிருந்து இறங்கியவுடன் கால்கள் நம்முடையவையாக இருக்காது. அதற்காகவே 'பிரிக்' என்ற பயிற்சி: நீண்ட சைக்கிள் பயணம் முடிந்த கையோடு, உட்காராமல் ஓட வேண்டும். அதைச் செய்து பழகியிருந்ததால் முதல் சில கிலோமீட்டர்களின் தள்ளாட்டம் எனக்கு அதிர்ச்சி தரவில்லை. ஒவ்வொரு உதவி மேசையிலும் ஒரு குவளை ஐஸை மேலாடைக்குள் கொட்டிக்கொண்டு, மேசையிலிருந்து மேசை வரை ஓட்டம், மேசையருகே நடை என்று பிரித்துக்கொண்டேன். ஐஸ் உருகிக் காலணிக்குள் இறங்க, பாதம் ஊறிக் கொப்புளங்கள் வந்தன. வாஸ்லினை எவ்வளவு தடவினாலும் போதவில்லை. இருட்டிய பிறகு ஒரு மேசையில் நின்றிருந்த கல்லூரி வயதுத் தமிழ்ப் பெண், என் போட்டி எண் பட்டையிலிருந்த பெயரைப் படித்துவிட்டு, "ஆன்ட்டி, டைம் இருக்கு, நடந்தே போனாலும் முடிச்சிடலாம்" என்றாள். நான் மனத்தில் போட்டு வைத்திருந்த கணக்கும் அதையே சொன்னது. இருந்தாலும் அதை வேறொருவர் தமிழில் சொல்லக் கேட்டது வேறு வகை. மீதித் தூரத்தில் பாதியை ஓடினேன், பாதியை நடந்தேன். நள்ளிரவுக்குச் சற்று முன் கோட்டைக் கடந்தேன். அழுகையெல்லாம் வரவில்லை, உட்கார நாற்காலி தேடினேன்.

'பணக்காரர் பொழுதுபோக்கு' என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. பதிவுக் கட்டணம், விமானம், சைக்கிள் எல்லாம் சேர்ந்தால் நடுத்தரக் குடும்பம் யோசித்துத்தான் செலவிட முடியும். அதை மறுத்து எழுதுகிறவர்கள் பொய் சொல்கிறார்கள். ஆனால் அதே தொகைக்கு நகை வாங்கியிருந்தால் எவரும் என்னிடம் விளக்கம் கேட்டிருக்க மாட்டார்கள். 'பிள்ளைகளை யார் பார்த்துக்கொண்டார்கள்' என்ற கேள்வியையும் நீங்கள் எதிர்பார்க்கலாம். பார்த்துக்கொண்டவர் அவர்களுடைய அப்பா. எங்கள் பயிற்சிக் குழுவில் இருக்கும் எந்த ஆணிடமும் இந்தக் கேள்வியை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

நேரடியாக முழு தூரத்துக்குப் போகாதீர்கள். கோவாவில் 2019-இல் அரை தூரப் போட்டி தொடங்கினார்கள்: 1.9 கிலோமீட்டர் கடல் நீச்சல், 90 சைக்கிள், 21.1 ஓட்டம். நானும் முதலில் அதைத்தான் செய்தேன். கடலில் இரண்டு கிலோமீட்டரை நிற்காமல் நீந்த முடிகிறது என்ற நிலை வந்ததும் அதற்குப் பதிவு செய்யுங்கள். அது முடிந்து ஓர் ஆண்டாவது இடைவெளி விட்டு முழு தூரத்துக்கு வாருங்கள். வாரத்துக்குப் பத்து மணி நேரத்துக்குக் குறையாமல் பயிற்சிக்கு ஒதுக்க வேண்டியிருக்கும் என்பதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நார்த்தங்காய் கிடைக்காவிட்டால் மாவடு சரிப்படுமா என்று கேட்காதீர்கள், அது பின்பையில் ஒழுகும்.