விழித்திரைச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஓரப் பார்வை குறைந்தால்

கேள்வி: தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் என் அம்மாவுக்கு 58 வயது. வலது கண் விழித்திரையின் நடுவில் ஓட்டை என்று நான்கு மாதத்துக்கு முன் கொழும்பில் சத்திரசிகிச்சை செய்து வாயு நிரப்பினார்கள். இப்போது முகங்கள் நன்றாகத் தெரிகின்றன. ஆனால் வாயு கரைந்த நாளிலிருந்து வலப்பக்கம் கீழே வைக்கும் தேத்தண்ணிக் கோப்பையைத் தட்டிவிடுகிறார். சரியாகுமா? மலைக்கு வேலைக்குப் போகலாமா?

பதில்: முதலில் ஒரு சின்னச் சோதனை. அம்மா இடது கண்ணைப் பொத்திக்கொண்டு உங்கள் மூக்கையே பார்க்கட்டும். அம்மாவின் வலது கீழ் மூலையிலிருந்து உங்கள் விரலை மெல்ல உள்ளே கொண்டுவாருங்கள். விரல் தெரியத் தொடங்கும் இடத்தைத் தாளில் குறித்துவைத்து, இரண்டு நாள் கழித்து மறுபடி பாருங்கள். மறைவு உள்ளே நகர்ந்தாலோ, திரை இறங்குவதுபோல் இருந்தாலோ, மின்னல் வெட்டினாலோ விழித்திரை கழன்றிருக்கலாம். கிளினிக் திகதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே கண் வைத்தியரிடம் போய்விடுங்கள்.

ஒரே அளவில் நின்றால், நீங்கள் சொல்வது இந்தச் சிகிச்சையின் அறியப்பட்ட பக்கவிளைவுக்கு அப்படியே பொருந்துகிறது. கண்ணுக்குள் இருக்கும் திரவத்தை எடுத்துக் காற்றைச் செலுத்தும்போது, குழாயிலிருந்து வரும் காற்று எதிர்ப்பக்க விழித்திரையில் பட்டு நரம்பிழைகளைக் காயவைத்துவிடும். குழாய் பெரும்பாலும் வெளிப்புறம் கீழே இருப்பதால் அடிபடுவது மூக்குப் பக்க மேல்பகுதி. கண்ணுக்குள் பிம்பம் தலைகீழாக விழுவதால் மறைவது வெளிப்புறக் கீழ்ப்பக்கம். 1990களில் இதைக் கவனித்த பிறகு காற்றின் அழுத்தத்தைக் குறைத்தார்கள். இப்போது இது குறைவு.

இன்னொன்றையும் கேட்க வேண்டும்: அம்மா எப்போது மலையேறினார்? 1868 மீற்றர் உயர நுவரெலியாவில் வாயு ஏறக்குறைய கால் பங்கு விரியப் பார்க்கும். கண் அவ்வளவு விரியாது; உள்ளே அழுத்தம் ஏறி நரம்புக்குப் போகும் இரத்தம் குறையும். தலவாக்கலையும் 1000 மீற்றருக்கு மேல்தான். வாயு கரைய, வகையைப் பொறுத்து, இரண்டு வாரம் முதல் இரண்டு மாதம் வரை ஆகும். அதற்குள் ஊருக்கு வந்திருந்தால் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கண் அழுத்தமும் பார்வைப்புலமும் (நேரே பார்க்கும்போது சுற்றிலும் தெரியும் பரப்பு) பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

போன நரம்பு பெரும்பாலும் திரும்பாது. வைத்தியர் சரி என்றால் வேலைக்குப் போகலாம். ஆனால் வலக்கோடியை இடது கண்ணால் ஈடுகட்ட முடியாது, மூக்கு மறைக்கும். நம் ரோட்டில் கிட்ட வரும் வாகனம் வலப்பக்கத்திலிருந்துதான் வருகிறது. தலையை முழுதாகத் திருப்பிப் பார்த்துக் கடக்கப் பழக்குங்கள். கங்காணியிடம் சொல்லி, கான் (வடிகால்) வலப்பக்கம் வராத நிரையாகக் கேளுங்கள். வீட்டில் கோப்பையை இடப்பக்கம் வையுங்கள்.